கம்பெனிக் கலைப்பை முடிக்கத்தான் கோர்ட்டுக்குப் போகிறேன்

நம் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

போன வாரம் கோயிலில் ஓர் அண்ணன் கேட்டார்: "கவர்மெண்டு மேலயே கேஸ் போடுறியாமே?" ஆளுக்கொரு கதை கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், போடப்போகிறேன்.

அம்மா ரப்பர் பால் வெட்டிய காசில் வாங்கிய பங்குப் பத்திரம் இன்னும் மைலோ டின்னில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. 1960ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்ட நிலம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கட்டச் சொன்னாரே, அந்தக் காலத்து ஆள் அம்மா. சேர் (பங்கு) என்றாலே நிலம் என்று நினைத்தார். நம்முடையது கூட்டுறவு அல்ல, வெறும் கம்பெனி. அதை அன்று யாரும் அவருக்கு விளக்கவில்லை.

கலைத்துவிடலாம் என்று நாம் கைதூக்கி எத்தனையோ தீபாவளி போய்விட்டது. கடனெல்லாம் அடைத்தாயிற்று. லிக்விடேட்டர் (கம்பெனியைக் கலைக்கும் பொறுப்பாளர்) கடைசிக் கூட்டம் போட்டு அறிக்கையைத் தாக்கல் செய்தால், மூன்று மாதத்தில் கம்பெனி கலைந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தின் கடிதம் ஒன்றுதான் பாக்கி. கவுண்டரில் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "டாலாம் திண்டாக்கான்", அதாவது நடவடிக்கையில் இருக்கிறது.

பணம் பேங்கில் தூங்குகிறது. பங்குதாரர்கள்தான் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒருவர் போனால் அவர் பிள்ளைகள் மரணச் சான்றிதழோடு அமானா ராயா அறங்காவல் நிறுவனத்துக்கோ கோர்ட்டுக்கோ அலைய வேண்டும். ஒரு பிள்ளை சிங்கப்பூரில் இருக்கும், இன்னொன்று அண்ணனோடு பேசாது.

பதிவிலிருந்து கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்கிறார்கள் சிலர். அது சொத்தும் கடனும் இல்லாத கம்பெனிக்கு. நமக்குத்தான் பேங்கில் பணம் இருக்கிறதே.

நான் நஷ்டஈடு கேட்கவில்லை. 2012 நீதிமன்ற விதிகளின் 53ஆம் கட்டளைப்படி முதலில் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். பிறகு, "ஆம் என்றோ இல்லை என்றோ முடிவைச் சொல்லுங்கள்" என்று அந்த அலுவலகத்துக்கு உத்தரவு கேட்கலாம். என்ன முடிவு என்பது அவர்கள் பாடு. அந்த அனுமதியைக் கேட்க மூன்று மாதக் கெடு உண்டு. இழுத்துக்கொண்டே போகும் தாமதத்தில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று வாதம் வரும். அதனால்தான் லாயர் பதிலுக்கு நாள் குறித்து ஒரு கடைசிக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

செலவு என்னுடையது. நீங்கள் பத்திர எண்ணையும், இறந்தவர்களின் விவரத்தையும் எழுதிக் கொடுத்தால் போதும். ஐசியில் (அடையாள அட்டையில்) ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்ததுதானே நம் அப்பா அம்மாவின் பெயர்.

உங்களில் ஒரு பங்குதாரர்