மகளுக்கு, அந்தத் தடித்த புத்தகத்தைப் பற்றி

மஸ்கெலியா

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் விட்டுப் போய்விட்டது. மழை பிடித்தால் இங்கே சிக்னல் என்ன பாடு படும் என்று உனக்குத் தெரியும். "வேற புத்தகமே இல்லையாப்பா, அந்த 'விஷ்ணுபுரம்' நாவலையே திரும்பத் திரும்பப் படிக்கிறீங்களாம், அம்மா சொல்றாங்க" என்றாய். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். 2001இல் நீ எட்டாம் வகுப்பு. 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். 'என் அப்பா எண்ணூறு பக்கத்துக்கு மேல் உள்ள நாவலை ஒரே மாதத்தில் படித்து முடித்தவர்' என்று எழுதி, குப்பி விளக்கு வெளிச்சத்தில் எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் நான் முடிக்கவே இல்லை. 'விஷ்ணுபுரம்' மூன்று பாகம். முதல் பாகத்தைப் படித்தேன், இரண்டாவதில் முழி பிதுங்கிப் புத்தகத்தை மூடிவிட்டேன். வாத்தியார் வீட்டில் புத்தகம் பாதியில் கிடக்கிறது என்று யாரிடம் சொல்வது?

அந்தப் புத்தகம் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நம் தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி என் சித்தப்பா, உனக்குச் சின்னத் தாத்தா, எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனார். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னார் போகும் அந்த ரயிலுக்கு இங்கே 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். கோத்தகிரியில் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். அவர் மகன் 2000இல் நம்மைப் பார்க்க வந்தபோது, "அண்ணனுக்கு வாசிக்கப் பிடிக்குமாமே" என்று இதைக் கொண்டுவந்து கொடுத்தான். ஜெயமோகன் எழுதி 1997இல் வந்த நாவல். முதல் பாகத்தின் பெயர் 'ஸ்ரீபாதம்'. நம் வாசலில் நின்றால் தெரியும் ஸ்ரீபாத மலையைப் பற்றித்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் படிக்கவே ஆரம்பித்தேன்! பார்த்தால் அது கற்பனை நகரம். சிவப்பு நிறத்தில் ஓடும் சோனா நதி. கரையில் ஒரு மகா கோயில். உள்ளே கருங்கல்லில் மலை மாதிரிப் படுத்திருக்கும் விஷ்ணு. யுகத்துக்கு ஒரு தடவை அவர் புரண்டு படுப்பார் என்று ஊரில் நம்பிக்கை.

நீ அறுபதாம் பக்கத்தில் நிறுத்தினேன் என்று சொன்னாய். அது உன் குற்றமில்லை. முதல் பாகத்தில் ஆட்கள் திருவிழாக் கூட்டம் போல வருகிறார்கள். காவியம் அரங்கேற்ற வந்து அலைக்கழியும் சங்கர்ஷணன் என்ற கவிஞன், தான் படித்த எல்லாவற்றையும் சந்தேகப்படும் பிங்கலன், யானைப்பாகர்கள், சமையற்காரர்கள், கணிகையர். ஒருவனோடு பழகுவதற்குள் அடுத்தவன் கையைப் பிடித்து இழுக்கிறான். பக்கம் பக்கமாகக் கோபுர வர்ணனை வேறு. அதில் கால்வாசியைக் கவ்வாத்து வெட்டியிருந்தால் மரம் இன்னும் நன்றாகத் துளிர்த்திருக்கும் என்பது இப்போதும் என் எண்ணம்.

இரண்டாம் பாகம், 'கௌஸ்துபம்', காலத்தால் முதல் பாகத்துக்கு முந்தியது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் பாகத்தின் தொடர்ச்சி என்று நினைத்து, சங்கர்ஷணன் எங்கே, பிங்கலன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஞானசபை கூடிவிட்டது. சாங்கியம், நியாயம், வைசேஷிகம், பௌத்தம் என்று ஆளுக்கு ஒரு தரிசனத்தைத் தூக்கிக்கொண்டு வாதம் செய்கிறார்கள். அஜிதன் என்ற பௌத்த பிக்கு வைதிகரான பவதத்தரோடு மோதுகிறான். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சுற்றாடலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவன். தலை கிறுகிறுத்தது. அன்றைக்கு அம்மா மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து உதறும்போது ஒரு கொழுந்து தரையில் விழுந்தது. அதை எடுத்துப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்தேன். 'நாளைக்குப் பார்க்கலாம்.'

அந்த நாளை வர இருபத்துச் சொச்சம் வருஷம் ஆகிவிட்டது. போன தை மாதம் கூரைத் தகரம் மாற்றும்போது பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். அட்டையில் பூஞ்சணம், முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. திறந்தால் அதே இடத்தில் கொழுந்து இருக்கிறது. இரண்டு இலையும் மொட்டும் கறுத்துச் சருகாகி, தொட்டால் பொடிகிற பதம். ஆனால் இரண்டு பக்கத்துக் காகிதத்திலும் அதன் கறை பதிந்திருக்கிறது, பிளேன்டீ நிறத்தில். நரம்புகூடத் தெரிகிறது. அதன் மேல் ஓடும் வரிகளில் ஒருவன், இருப்பது எது இல்லாதது எது என்று வாதம் செய்துகொண்டிருக்கிறான்.

சரி, இந்தத் தடவை அவசரப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். பென்ஷன்காரனுக்கு என்ன அவசரம்? ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். வாதம் வரும் இடங்களைச் சத்தமாகப் படித்தேன். அப்படிப் படித்தால் எவன் குரல் எது என்று பிடிபட்டுவிடுகிறது, அர்த்தம் பின்னாலேயே வருகிறது. எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன், இனிமேல் உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். ஆனால் அவர்கள் ஏன் அப்படி உயிரைக் கொடுத்துப் பேசுகிறார்கள் என்பது புரிந்தது. ஜெயித்தவனுக்குத்தான் ஊரும் கோயிலும். தோற்றவனின் சாமிக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

சத்தமாகப் படித்ததில் இன்னொரு ஆதாயம், உன் அம்மா கேட்டாள். மெச்சிக்கொள்ள மாட்டாள், தேங்காய் திருவிக்கொண்டே கேட்பாள். அந்தக் கோயில் சிலை விஷ்ணுவே இல்லை, எங்கள் பெருமூப்பன் அங்கே தூங்குகிறார் என்று மலைக்குடிகள் சொல்வதாக நாவலில் வரும். அதைப் படித்ததும் துருவலை நிறுத்தினாள். "அதத்தான இங்கயும் சொல்றாங்க. நமக்குச் சிவனொளிபாதம், சிங்கள ஆளுங்களுக்கு ஸ்ரீபாத, முஸ்லிம் ஆளுங்களுக்குப் பாவா ஆதம். ஏறுறவன் காலு வலி ஒன்னுதான்" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் நான் படிக்கவில்லை. சீசன் நேரம், வெளியே மலையில் படிக்கட்டு விளக்குகள் உச்சிவரை ஒரு கோடாக எரிந்துகொண்டிருந்தன.

இன்னொரு நாள், சாமி புரண்டு படுப்பதைப் பற்றிய இடம். நான் முதல் தடவை படித்தபோது அதை மாயாஜாலம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கான அம்புலிமாமா என்று கோத்தகிரித் தம்பிக்குக் கடிதம்கூட எழுதினேன். அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "மீரியபெத்த" என்றாள். அவ்வளவுதான். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத்து லய வீடுகளை மூடிய அன்று ரேடியோவில் கேட்டுவிட்டு, "மலை புரண்டு படுத்துருச்சு" என்று அவள் சொன்னது எனக்கும் ஞாபகம் வந்தது. அப்போது இந்த நாவலைப் பற்றி அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. நமக்குக் கீழே ஒன்று படுத்திருக்கிறது என்பதைக் கதையாகக் கேட்க வேண்டிய நிலைமை நம் ஆட்களுக்கு இல்லை. மழை நாளில் லயத்துச் சுவரில் வெடிப்பு எவ்வளவு என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தானே படுக்கிறோம்.

இனி மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மழையில்லாமல் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றிப் பழைய மஸ்கெலியா வெளியே தெரிந்தது. அறுபதுகளின் கடைசியில் அணை கட்டித் தண்ணீரை நிறுத்தியபோது மூழ்கிய டவுன் அது. எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. வற்றும்போதெல்லாம் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடம் தெரியும், ஆட்கள் போய்க் கும்பிட்டு வருவார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு அழுதாய்.

இந்தத் தடவை தனியாகப் போனேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், மிதித்தால் கணுக்கால் வரை இறங்கும். கோயில் கல்லில் பாசி காய்ந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. யாரோ காலையிலேயே வந்து கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். என் அப்பா எனக்குச் சிலேட்டு வாங்கித் தந்த கடை எங்கே இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்கு வலதுபக்கமா, இடதுபக்கமா? இத்தனை வருஷம் வலதுபக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது அது சரியாக வரவில்லை.

பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரப் பையன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இருபது வயதிருக்கும். என்னைப் பார்த்து, "ஐயாவுக்குத் தெரியுமா, இந்த ஊர்ல சாமிக்குப் பண்ண வேண்டியத பண்ணாம விட்டுட்டாங்களாம். சாமி கோவிச்சுக்கிட்டு ஒரே ராத்திரியில தண்ணிய விட்டுருச்சாம்" என்றான். நல்ல பையன், சிரத்தையாகத்தான் சொன்னான். ஒரே ராத்திரி! கடைக்காரர்கள் கதவு நிலையைக்கூடப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். மின்சாரத்துக்காகக் கட்டிய அணை தம்பி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சிலேட்டுக் கடை எந்தப் பக்கம் என்று தெரியாத சாட்சி நான்.

அன்று ராத்திரி மூன்றாம் பாகத்தை எடுத்தேன். 'மணிமுடி'. விஷ்ணுபுரத்தின் கடைசிக் காலம். முதல் பாகத்தில் நான் பக்கத்தில் நின்று பார்த்த ஆட்கள், அழுதவர்கள், பைத்தியமானவர்கள், இங்கே புராணமாகிவிட்டார்கள். நடந்தது ஒன்று, பாடுவது ஒன்று. படிக்கிற நான் ஒருவன்தான் உண்மை தெரிந்தவன், என்னை யாரும் கேட்கப்போவதில்லை. ஆட்டோக்காரப் பையனின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏன் இந்த மனுஷன் காலத்தைக் கலைத்துப் போட்டு எழுதியிருக்கிறார் என்று 2000இல் எரிச்சல்பட்டேனே, வரிசையாகச் சொல்லியிருந்தால் இது எனக்கு உறைத்திருக்காது. கடைசியில் வெள்ளம் வந்து அந்த நகரத்தையும் கொண்டுபோகிறது. அது இன்னும் முப்பது பக்கத்தில் இருக்கிறது. நான் இரண்டிரண்டு பக்கமாகத்தான் நகர்கிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, கோயில் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

நீ கட்டாயம் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கத்தாரில் எட்டு மணி நேரம் கணக்குப் பார்த்துவிட்டு வந்து ஞானசபையில் உட்கார யாருக்கு முடியும்? ஆசை இருந்தால், அறுபதாம் பக்கத்திலிருந்து தொடராதே. முதலிலிருந்து வா, வர்ணனையைத் தாண்டிக் குதித்தாலும் பரவாயில்லை, ஆட்களை விட்டுவிடாதே. பின்னால் தேவைப்படுவார்கள். புரியாத இடத்தைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டு, அம்மாவும் கேட்பாள்.

உன் கட்டுரைக் கொப்பி தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்த வரியை நான் திருத்தவில்லை, இன்னும் முப்பது பக்கம்தானே. அப்புறம், ஆகஸ்டில் வரும்போது மறக்காதே: சப்பாத்துப் பெட்டிக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம் போட்டிருப்பார்களே, ஈரம் உறிஞ்ச, அதைத் தூக்கி எறியாமல் சேர்த்துக் கொண்டுவா. பூஞ்சணம் இப்போது இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
அப்பா