புதன் அல்லது வெள்ளி: சிறுநீரக மாற்று மதிப்பீட்டுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மாற்று அறுவை சிகிச்சைக்கு நோயாளியின் தகுதியை முடிவு செய்யும் மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த என் தம்பி, நான்கு ஆண்டுகளாகச் செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறான். அவனுக்கு என் சிறுநீரகம் ஒன்றைத் தர நான் முன்வந்ததும், என் இரத்தம் ஓ வகை, அவனுடையது பி வகை என்பதால் தடையில்லை என்று நீங்களே சொன்னதும், எங்கள் இருவரின் இரத்தத்தையும் கலந்து பார்த்த பொருத்தச் சோதனை நல்லபடியாக முடிந்ததும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. எனவே அவற்றை விட்டுவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவனுடைய இதயம் தகுதி பெறவில்லை, ஒன்பது மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றது அந்தக் கடிதம்.

இதயத்தை ஒலி அலையால் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனைக்கு நீங்கள் குறித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. சனிக்கிழமைக்குப் பிறகு உடலில் நீர் சேர்ந்துகொண்டேயிருந்த மூன்றாம் நாள் அது. அந்த நாளை மாற்றித் தரும்படி இருமுறை தொலைபேசியில் கேட்டேன். மாற்றினால் அடுத்த இடம் ஆறு மாதம் கழித்துத்தான் என்றார்கள். திங்கள் இரவு பேருந்து ஏறினோம். சாய்ந்தால் மூச்சு முட்டியதால் தலைநகர் வரை நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வந்தான். செருப்பின் வார் புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. எடை பார்த்தபோது, டயாலிசிஸ் முடிந்ததும் இருக்க வேண்டிய எடையைவிட 3.8 கிலோ கூடுதல். இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னபோது இருமல் தாங்காமல் மூன்று முறை எழுந்து உட்கார்ந்தான். பரிசோதித்த பெண் பொறுமையாகக் காத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாக டயாலிசிஸ் செய்தது என்றைக்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதை எழுதிவைக்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 39 விழுக்காடு என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

நீர் கோத்திருக்கும்போது இதய அறைகள் விரிந்து, இரத்த அழுத்தமும் ஏறி, இதயம் உள்ளதைவிடப் பலவீனமாகத் தெரியக்கூடும் என்பதையும், டயாலிசிஸ் முடிந்த மறுநாள் எடுக்கும் எக்கோவே நம்பத்தக்கது என்பதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் ஊர் டயாலிசிஸ் மையத்துத் தாதி. அவர் சொன்னபடி, ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவரிடம் 380 மலேசிய வெள்ளி கட்டி, ஒரு புதன்கிழமை மீண்டும் எடுத்தோம். 51 விழுக்காடு வந்தது. அந்த அறிக்கையை அனுப்பியதற்குச் சென்ற வாரம் வந்த பதில், வெளி அறிக்கைகளை ஏற்பதில்லை என்பதுதான்.

மதிப்பீட்டைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பலவீனமான இதயம் மயக்க மருந்தையும் அறுவையையும் தாங்காமல் போகலாம் என்பதும், உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கலாம், கண்ணில் படாத புற்றுநோய் வளரலாம் என்பதும் எனக்குப் புரிகிறது. சொத்தைப் பல்லைக்கூடப் பிடுங்கிவிட்டு வரச் சொன்னீர்கள், பிடுங்கிக்கொண்டுதான் வந்தான். கேட்பது ஒன்றே: அந்த எக்கோவை டயாலிசிஸுக்கு மறுநாள் மீண்டும் எடுங்கள்.

ஒன்பது மாதம் என்பது கடிதத்தில் ஒரு சொல். அதற்குள் என் நுரையீரல் படம், இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர்ச் சோதனை, அவனுடைய மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனை எல்லாம் காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மருத்துவமனை முகப்பிடத்தில் சொல்கிறார்கள். ஒரு நாள் முழுதும் பிடித்த சிறுநீரை ஐஸ் பெட்டியில் வைத்துக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம்தான். உறுப்புதானம் செய்வீர் என்று நம்மை அழைக்கும் சுவரொட்டிகளில் தமிழ் எவ்வளவு அழகாக இருக்கிறது! தானம் செய்ய வந்து நிற்பவளுக்குத் தமிழ் வேண்டாம், நாள் கொடுத்தால் போதும். 1975-இல் மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கக் கை வரவில்லை போலும்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் வேலைப் பளுவை நான் அறியாதவள் அல்லள். அன்புகூர்ந்து, ஒன்பது மாதம் காத்திருக்கச் செய்யாமல், என் தம்பிக்கு எக்கோ பரிசோதனையை மீண்டும் நடத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புதன் அல்லது வெள்ளி, எந்த வாரமானாலும் சரி. நள்ளிரவுப் பேருந்தில் வந்து காலை ஆறு மணிக்கே வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
சிறுநீரகம் தரக் காத்திருக்கும் அக்காள்,
சுங்கை சிப்புட், பேராக்.