வியன்னாவிலிருந்து பிராகுக்கு

வியன்னா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கே சௌக்கியம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடி ஏறி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாரா?

லீவு சேர்ந்தாற்போல் வந்ததால் பக்கத்துச் செக் நாட்டின் தலைநகரான பிராகுக்குப் போய் வந்தேன். ரயிலும் உண்டு. ஆனால் பஸ்ஸில் போனால்தான் அப்பாவுக்கு எழுத விஷயம் இருக்கும் என்று, டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டாகப் பார்த்து எடுத்தேன்.

சுமார் 330 கிலோமீட்டர். நம் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகிறது. கண்டக்டர் கிடையாது. டிரைவரே வாசலில் நின்று டிக்கெட் பார்த்தார், பெட்டிகளை அடியில் ஏற்றினார். பிறகு உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, தன் பேருக்குக் கொடுத்த கார்டு ஒன்றை ஒரு சின்னக் கருவியில் செருகினார். டேக்கோகிராஃப் என்கிறார்கள். வண்டி எடுத்த நேரம், வேகம், நிறுத்திய நேரம் எல்லாம் அதில் பதிவாகிவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை. ஐரோப்பிய யூனியன் முழுவதற்கும் இதுதான் சட்டம்.

அப்பா, எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ராத்திரி சர்வீஸ் முடித்து இறங்கியவரை, மாற்று ஆள் வரவில்லை என்று டபுள் டியூட்டி போட்டுத் திரும்ப அனுப்புவார்கள். மறுநாள் சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்து வருவீர்கள். நம் நாட்டிலும் 1961லேயே சட்டம் வந்துவிட்டது: நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் இருந்தது. இங்கே டிரைவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கருவியே சாட்சி. நம் ஊர் பஸ் ஒவ்வொன்றிலும் இது வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

எல்லை தாண்டியது பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. தூரத்தில் மிகுலோவ் ஊர்க் கோட்டை குன்றின் மேல் நிற்கிறது, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். 1989 வரை இந்த எல்லையில் முள்வேலி. இப்போது பஸ் வேகம்கூடக் குறையவில்லை.

பிராகில் நான் அதிக நேரம் இருந்தது சார்லஸ் பாலத்தில்தான். அம்மா, இது உனக்கு. நாலாம் சார்லஸ் மன்னர் 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், விடிகாலை 5.31க்கு அடிக்கல் நாட்டினாராம். அப்படியே வரிசையாக எழுதிப் பார்: 1 3 5 7 9 7 5 3 1. ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் என்கிறார்கள். சாந்தில் முட்டை கலக்க ஊர் ஊராக வரவழைத்தார்கள் என்றும், வெல்வாரி ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை. காரைக்குடி வீட்டுச் சுவர்ப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதை நீ சொல்வாயே.

பாலத்தின் இரண்டு பக்கமும் புனிதர்களின் சிலைகள். சார்லஸின் மகன் வென்செஸ்லாஸ் மன்னரின் ஆணையால் 1393இல் இதே ஆற்றில் தள்ளப்பட்ட நெப்போமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலையடியில் வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. பலகை கறுத்துக் கிடக்க, வேண்டிக்கொண்டு தொடும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. நானும் வரிசையில் நின்று தொட்டேன், அப்பா முட்டிக்காக.

அப்பாவுக்கு இன்னொன்று. இப்போது ஜனங்கள் நடக்க மட்டும் விடும் இந்தப் பாலத்தில் ஒரு காலத்தில் டிராம் ஓடியிருக்கிறது! 1883இல் குதிரை டிராம், 1905இல் மின்சார டிராம், 1908இல் அதையும் எடுத்துவிட்டு பஸ் விட்டிருக்கிறார்கள். பத்து மீட்டர்கூட அகலம் தேறாது. எதிரே வண்டி வந்தால் எப்படி ஒதுங்கியிருப்பார்கள் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

1410ஆம் வருஷத்துக் கடிகாரத்தையும் பார்த்தேன். பன்னிரண்டு ராசியும், சூரிய சந்திரர் நிலையும் காட்டுகிறது. கூட்டம் தாங்கவில்லை.

வியன்னா வேறு மாதிரி. இங்கே பேரரசர் 1857இல் கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவிட்டு, அந்த இடத்தில் ரிங் என்ற அகலச் சாலையைப் போட வைத்தார். டிராமில் உட்கார்ந்தபடியே ஆப்பெரா அரங்கம், பாராளுமன்றம், நகர மன்றம் எல்லாம் பார்த்துவிடலாம். முட்டிவலிக்காரருக்கு நல்ல ஊர். எனக்குப் பிடித்தது என்னவோ பிராகின் சந்துகள்தான்.

செப்டம்பரில் நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் இரண்டு ஊருக்கும் செல்லும். அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று தம்பி சொன்னான். இந்த வாரமே புதுப்பிக்க மனு போடச் சொல்லுங்கள், பணம் அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸில் முன் சீட் அப்பாவுக்கு.

அன்புடன்,
உங்கள் மகள்