சனிக்கிழமை மாலை இந்திராநகர்: வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்

வணக்கம் மக்களே,

இந்த மாத பெங்களூரு சுற்று பீருக்கு. மாலை 6 மணிக்கு இந்திராநகர் மெட்ரோ நிலைய வாசலில் கூடி, நூறடி சாலையில் உள்ள டாயிட் என்ற பீர் கூடத்துக்கு நடந்து போகிறோம். 2010இல் தொடங்கிய இடம். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள், பாட்டில் பீரில் கிடைக்காத புதுமணம் அதனால்தான்.

முதல் முறை வருகிறவர்கள் கோதுமை பீரில் தொடங்குங்கள். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த வாசம் வரும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, நொதிக்கும்போது ஈஸ்ட் தருவது. அவசரப்படாமல் முகர்ந்துவிட்டுக் குடியுங்கள். அடுத்து பாஸ்மதி அரிசி சேர்த்த 'பாஸ்மதி பிளாண்ட்' என்ற பீர். இதமானது, காரமான சாப்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் அனுபவம்.

ஒயின் பிரியர்கள் கோபிக்க வேண்டாம். நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கம் உள்ள குரோவர் திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த மாதம் போகலாம். அவர்களுடைய லா ரிசர்வ் சிவப்பு ஒயினை இன்னும் ருசிக்காதவர்களுக்காகவே அந்தப் பயணம்.

குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம், சாப்பாடு போதுமான அளவு இருக்கும். 21 வயது நிறைந்தவர்கள் மட்டும். வண்டி எடுத்து வராதீர்கள், மெட்ரோவோ ஆட்டோவோ போதும். வெறும் வயிற்றில் வர வேண்டாம். பில்லை அவரவர் சாப்பிட்டதற்கு ஏற்பப் பிரிப்போம்.

சனிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். மேசை சொல்லிவைக்க வேண்டும், வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் என்று இங்கேயே பதில் போடுங்கள்.