மாப்ளேக்கு ஒரு கேபிள் கடிதம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மாடிக்குத் தளம் போட்டாயிற்று என்று படித்ததில் சந்தோஷம். அம்மா கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் வாசிக்கிறார்கள் என்றாயே, அதில் அதைவிடச் சந்தோஷம். இங்கே சின்னவள் பிளஸ் டூ. வீட்டில் டிவிக்கு லீவு.

சரி, அறைக்கு அறை இன்டர்நெட்டுக்கும் கேமராவுக்கும் சுவருக்குள் இழுக்கிற நெட்வொர்க் கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் கேட் 5இ போதும் என்கிறார், கடைக்காரர் கேட் 7 வாங்கச் சொல்கிறார் என்று குழம்பியிருக்கிறாய். கேட் என்றால் கேட்டகரி, கேபிளின் தரவகை. எலக்ட்ரீஷியன் சொல்வதில் பொய்யில்லை. 5இ-யில் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் டேட்டா ஓடும். ஆனாலும் கேட் 6 போடு. சுவருக்குள் போகிற சாமான், ஒரு தடவை பூசிவிட்டால் பதினைந்து வருஷத்துக்கு யார் தொடப்போகிறார்கள்? கேட் 6-இல் 55 மீட்டர் வரை பத்து ஜிகாபிட்டே போகும். உன் வீட்டில் எந்த அறைக்கும் 25 மீட்டர் தாண்டாது. 6ஏ என்றால் அதே வேகம் 100 மீட்டர் வரை கிடைக்கும், ஆனால் தடிமன். முக்கால் இஞ்ச் பைப்பில் இரண்டு இழுத்தாலே வளைவில் இறுகிக்கொள்ளும். கேட் 7 பக்கம் போகவே போகாதே. அதற்கென்று வகுத்த கனெக்டரே வேறு. கடையில் அந்தப் பெயரில் விற்பதில் எல்லா நெட்வொர்க் கேபிளிலும் வரும் வழக்கமான ஆர்ஜே 45 முனைதான் இருக்கும். மேலே சுற்றிய உலோக உறைக்கு ஒழுங்காக எர்த் கொடுக்காவிட்டால் அந்தக் காசும் வீண்.

நம்பரை விட எனக்குப் பயம் கம்பியில்தான். போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் 16 கேமரா மாட்டினேன். கேபிளை அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள், பெட்டியில் கேட் 6 என்று கொட்டை எழுத்து. பகலெல்லாம் ஜோராக ஓடியது. பொழுது சாய்ந்தால் பார்க்கிங் பக்கத்து மூன்று கேமரா மட்டும் செத்துச் செத்துப் பிழைக்கும். கேமரா கேபிளெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியை மாற்றினேன், கேமராவை மாற்றினேன், மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. கடைசியில் கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெளேர். அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! இருட்டியதும் கேமராவுக்குள் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து கூடுதல் கரண்ட் கேட்கும். கேமராவுக்குக் கரண்ட் போவதும் அதே கேபிளில்தானே. அந்தக் கம்பியின் தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நீளமோ 80 மீட்டர். வோல்டேஜ் வழியிலேயே தேய்ந்துவிடும்.

உங்கப்பா கடையில் ஈயம் பூசின பாத்திரத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாரே, அதே வித்தைதான். பெட்டியில் சிசிஏ, அதாவது செம்பு போர்த்திய அலுமினியம், என்று போட்டிருந்தால் வாங்காதே. போடாவிட்டாலும் ஒரு சாண் வெட்டிச் சுரண்டிப் பார். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே தெரிந்துவிடும், செம்பு கனக்கும்.

அப்புறம், இதைக் கரண்ட் பைப்பில் நுழைக்க விடாதே, தனிப் பைப் கேள். மொட்டை மாடிக் கேமராவுக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள் வாங்கு, சாதாரணது வெடித்துவிடும். முனை போடும்போது, கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கை ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று பிரித்துவிடுவார்கள். அரை இஞ்சைத் தாண்ட விடாதே.

தங்கச்சி சமையலறையிலும் ஒரு பாயின்ட் கேட்டதாக எழுதியிருந்தாய். கொடுத்துவிடு, பேசாதே. என் வீட்டில் வைஃபை சமையலறைக்குள் நுழையாததற்கு இன்றுவரை நான்தான் பேச்சு வாங்குகிறேன்.

பூச்சு வேலை தொடங்குமுன் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பு. கேபிள் இழுத்து முடித்ததும் முனை மாட்டுகிற கிரிம்பிங் டூலோடு நானே வருகிறேன். அம்மாவை மீன் குழம்பு வைக்கச் சொல்.

உன்,
கடைசி பெஞ்ச்