விஷமுறிவு ஊசியில் குழிவிரியனுக்கு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்புக்கடி முதலுதவி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. கடிவாயைக் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கயிறு கட்டி இறுக்காதே, எல்லாம் சரி. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷமுறிவு ஊசி போட்டுக் காப்பாற்றிவிடுவார்கள் என்று முடித்துவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளுக்கானது. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். எந்த விஷம் ஏற்றினார்களோ அதற்குத்தான் அது கேட்கும். குழிவிரியன் அந்த நான்கில் சேரவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காபி, ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் சருகு நிறத்திலேயே கிடக்கும் கூன்மூக்குக் குழிவிரியன் பெரும்பாலும் ஒரு முழம்கூட இருக்காது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே சின்னக் குழி, இரையின் உடல் சூட்டை அதை வைத்துத்தான் உணர்கிறது. இது கடித்தால் வீங்கும், அவ்வளவுதான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். பலருக்கு வலி, வீக்கம், கொப்புளத்தோடு போய்விடுவதும் உண்மைதான். ஆனால் சிலருக்கு ரத்தம் உறையாமல் போகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது. 2007-ல் கேரள மருத்துவர்கள் இப்படி உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்களைப் பற்றி ஆய்விதழில் எழுதினார்கள், இலங்கையில் இறப்புகளும் பதிவாகியிருக்கின்றன.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தப் பாம்பைச் சுருட்டை விரியன் என்று நினைத்துக் குப்பி குப்பியாக மருந்து ஏற்றிவிடுவதுண்டு. ரத்தம் உறையவில்லையே என்று இன்னும் ஏற்றுவார்கள். பலன் கிடையாது, குதிரைப் புரதத்தால் வரும் கடும் ஒவ்வாமை மட்டும் மிச்சம்.

ரத்தம் உறைகிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கடிபட்டவரிடமிருந்து ஒரு சின்ன கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடினால் உறையவில்லை என்று அர்த்தம். குழாய் புதிதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். கண்ணாடி பட்டால்தான் உறைதல் தொடங்கும் என்பதால் பிளாஸ்டிக் குழாயும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பாம்பைத் துரத்தி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம் (செத்த பாம்பின் தலையும் கடிக்கும்). தள்ளி நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், மூக்கைப் பார்த்தே விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தரும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது, அங்கும் அந்த நான்கு பாம்புகளின் விஷத்தைத்தான் எடுக்கிறார்கள். ஐந்தாவதாக இதையும் சேர்க்க அரசும் மருந்து நிறுவனங்களும் முன்வர வேண்டும். அதுவரை மலைப்பகுதியில் கடிபட்டவருக்குச் சிறுநீர் குறைந்தால் ஊசியை நம்பிக் காத்திருக்காமல் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்