சட்டக் கல்லூரித் தம்பிக்கு நன்றி

கணவர் கைவிட்ட என் அக்காவின் ஜீவனாம்ச வழக்குக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போயிருந்தோம். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அதை எங்களுக்குச் சொன்னவர், வழக்கறிஞருக்கு உதவ வந்திருந்த மாணவராகிய நீங்கள்தான். (வாசலில் ஒருவர் கட்டணம் பேசத் தொடங்கியிருந்தார்!)

ஆங்கில மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். நீங்களோ வரிவரியாகத் தமிழில் சொன்னீர்கள். கணவரின் சம்பள விவரம் விடுபட்டிருப்பதைக் கண்டு வழக்கறிஞரிடம் காட்டினீர்கள். அக்கா அழுதபோது பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தீர்கள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நகல் எடுக்க ஓடினீர்கள்.

இடைக்கால ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வந்துவிட்டது, தம்பி. பெயரைக் கேட்பதற்குள் அடுத்தவரின் கோப்போடு போய்விட்டீர்கள். இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். அக்கா உங்களிடம் பேச வேண்டுமாம்.